பூண்டுக்குப் போட்ட மூட்டம்

இந்தத் தை மாசத்தோடு மூணாவது தடவையாக என் வீட்டுக்காரியை மலையிலிருந்து இறக்கிக்கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். கார்த்திகையில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை, இப்போது தையில். மாசாமாசம் கிருத்திகைக்குப் பழனி போகிறவர்கள் மாதிரி ஆகிவிட்டது எங்கள் பிழைப்பு.

ஊர் பூண்டி. கொடைக்கானலுக்கு பஸ்ஸில் ரெண்டரை மணி நேரம். அங்கே பார்த்துவிட்டு, இங்கே முடியாது, கீழே கொண்டுபோங்கள் என்பார்கள். கீழே வர இன்னும் மூணு மணி நேரம். மூச்சு முட்டுகிறவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு அத்தனை வளைவும் இறங்கி வந்தால், நோயாளி யார், கூட வந்தவன் யார் என்று பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும். போன தடவை ஆஸ்பத்திரி வாசலில் வண்டி தள்ளுகிறவர் என்னைத்தான் படுக்கச் சொன்னார். படுத்திருக்கலாம் என்றுதான் எனக்கும் இருந்தது.

அவள் பெயர் வீரம்மாள். வயசு நாற்பத்தெட்டு. மூச்சு உள்ளே போகும், வெளியே வராது. நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற மாதிரிச் சத்தம் கேட்கும். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் மூக்கில் காற்றுக் குழாயை மாட்டி, ஆவி மிஷின் வைத்து, ஊசி போட்டால் மூணாம் நாள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். அஞ்சாம் நாள் பக்கத்துக் கட்டில்காரியோடு மலைப்பூண்டுதான் ஒசத்தி என்று வாக்குவாதம் பண்ணுவாள். ஒன்பதாம் நாள் சீட்டு எழுதி அனுப்பிவிடுவார்கள். மேலே போவோம். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே பஸ், அதே வளைவு.

முதல் தடவை சளி எடுத்துப் பார்த்து டி.பி. இல்லை என்றார்கள். படம் எடுத்தார்கள். "வீட்டுல வெறகு அடுப்பா?" என்று கேட்டார்கள். "கேஸுங்க" என்றேன். "பீடி குடிப்பீங்களா?" "பழக்கமில்லைங்க." ரெண்டாவது தடவை வேறு டாக்டர். கோழி இருக்கிறதா என்று கேட்டார். ரெண்டு இருந்தது. ஊருக்குப் போனதும் அதைப் பிடித்துக் கொடுத்துவிட்டோம். சாம்பிராணி போடாதீர்கள், கொசுவத்தி வைக்காதீர்கள் என்றார். எங்கள் ஊர்க் குளிருக்குக் கொசு ஏது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை மட்டும் நிறுத்தினோம். வீரம்மாளுக்கு அதில் மனசே ஆறவில்லை. "முருகனுக்கு ஒரு தூபம் காட்டாம கும்பிடுறதுக்கு, கும்பிடாமலே இருக்கலாம்" என்று ரெண்டு வெள்ளிக்கிழமை முனகினாள்.

எங்கள் கணக்கில் இது குளிரால் வருகிற சீக்கு. மார்கழியில் கேரட் காட்டில் காலை ஏழு மணிக்குக் கால் வைத்தால் பனி நொறுங்கும். அதனால் ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே நான் ஒரு வேலை செய்தேன். அடுப்படிச் சுவருக்கும் தகரக் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அது வழியாகத்தான் குளிர் காற்று உள்ளே வருகிறது என்று, பழைய உரச்சாக்கைத் திணித்து, மேலே மண் பூசி, சந்து பொந்து இல்லாமல் அடைத்தேன். முதுகு ஒடிந்துவிட்டது. வீரம்மாள் கீழே நின்று பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளா இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியலையாக்கும்" என்றாள். அவள் பாராட்டுகிற விதம் அப்படி.

அடைத்துப் பதினோராம் நாள் விழுந்துவிட்டாள். மூணு தடவையில் இதுதான் மோசம். ரெண்டு நாள் என்னை அடையாளம் தெரியவில்லை.

இந்தத் தடவை பார்த்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அஞ்சாம் நாள், வீரம்மாள் கொஞ்சம் தெளிந்த பிறகு, என்னை வார்டு வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"என்னங்கய்யா இது, இங்க இருந்தா நல்லாயிருக்காங்க. மேல போனா திரும்ப வந்துடுறாங்க. மேல என்னதான் இருக்கு?"

"குளிருங்கம்மா."

"குளிர் ஊருல எல்லாருக்குந்தானே? உங்களுக்கு ஏன் வரல?"

"நான் வெள்ளனே காட்டுக்குப் போனா பொழுதுசாயத்தான் வருவேன். வீட்டுல இருக்கிறது அவதான்."

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "அப்ப வீட்டுல என்ன இருக்கு?"

வீட்டில் என்ன இருக்கும். பாத்திரம் இருக்கு, பாய் இருக்கு.

"எழுதத் தெரியுமா?"

"தெரியும். மெதுவா எழுதுவேன்."

"ஒரு நோட்டு வாங்குங்க. காலையில அவங்க எந்திரிச்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செய்றாங்க, எங்க இருக்காங்க, ஒண்ணு விடாம எழுதிக் கொண்டாங்க. இது எதுக்குன்னு யோசிக்காதீங்க. எழுதுங்க."

மகள் கண்மணி மூணாம் வகுப்பு படிக்கும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் புத்தகத்திலேயே நானும் எழுத்துக் கூட்டினேன். அப்போது எனக்கு முப்பத்தாறு. அதனால் என் எழுத்து இப்போதும் மூணாம் வகுப்புப் பிள்ளை எழுத்துதான். ஒரு பக்கம் எழுத கேரட் மூட்டை நாலு தூக்கின மாதிரி இருக்கும்.

பொம்பளைங்க வார்டில் சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரைதான் ஆம்பளையை விடுவார்கள். நோட்டோடு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"காலையில எந்திரிச்சு மொதல்ல என்ன செய்வ?"

"இது என்ன புதுசா? முப்பது வருசம் கூட இருந்துட்டு இப்பக் கேக்கிறீக."

"டாக்டரம்மா கேட்டிருக்கு. சொல்லு."

"எந்திரிச்சுக் கொல்லைக்குப் போவேன். அதையும் எழுதுவீகளா?"

"ஒண்ணு விடாம எழுதச் சொல்லியிருக்கு."

பக்கத்துக் கட்டிலில் அடுக்கம் ஊர்க்காரி கந்தம்மாள், சர்க்கரை கூடிப்போய்க் காலில் கட்டோடு இருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு எழுத்துத் தெரியாதது எவ்வளவு நல்லதாப் போச்சு, பாரு தாயி."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். பல் தேய்ப்பது. காப்பி. அடுப்பு, கேஸ். வாசல் தெளிப்பது. பூண்டுக்கு மூட்டம் போடுவது. சோறாக்குவது. பூண்டு கட்டுகளைப் பிரட்டித் தொங்கவிடுவது. துணி துவைப்பது. உடம்பு நல்லாயிருந்தால் களையெடுக்கப் போவது, இல்லாவிட்டால் அடுப்படியிலேயே படுப்பது, அங்கேதான் கதகதப்பு. சாயங்காலம் மறுபடி மூட்டம். நாலு பக்கம் வந்தது. விரல் மரத்துவிட்டது.

"படிங்க" என்றாள். படித்தேன்.

"மூட்டத்த எதுக்கு எழுதினீக?"

"நீதான சொன்ன?"

"உங்ககிட்டச் சொன்னேன். அது நம்ம காட்டுச் சோலி. அதுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன? பட்டிக்காட்டு ஆளுகன்னு சிரிக்கப்போகுது அந்தப் புள்ள. அடிச்சுருங்க."

அடிப்பதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அவ்வளவு பாடுபட்டு எழுதினதை அடிக்கக் கை வரவில்லை. ஆறு மணி ஆகிவிட்டது, காவலாளி விரட்ட வந்துவிட்டார். அப்படியே விட்டேன். அதற்கு மேல் அதில் நான் செய்தது ஒன்றும் கிடையாது.

மறுநாள் டாக்டரம்மா நின்றபடியே படித்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"மூட்டம்னா என்னங்கய்யா?"

"பூண்டுக்குப் போடுறதுங்க."

"அதான் என்ன?"

எங்கள் ஊர்ப் பக்கம் பிறந்த பிள்ளை இதைக் கேட்காது. அவர் தஞ்சாவூர்ப் பக்கம். நான் சொன்னேன். புரட்டாசியில் பூண்டு பிடுங்குவோம். விற்றது போக அடுத்த வெள்ளாமைக்கு விதை எடுத்து வைக்கணும். எங்கள் ஊர் ஈரத்துக்கு அதைச் சும்மா வைத்தால் பூசணம் பூத்துப்போகும், முளை கட்டும். அதனால் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்படி பரணில் தொங்கவிட்டு, கீழே தரையில் ஈர விறகும், மிலாறு என்கிற தைலமரச் சுள்ளியும் போட்டுப் புகை காட்டுவோம். நெருப்பு எரியக் கூடாது, புகையணும். வைகாசி நடவு வரைக்கும்.

டாக்டரம்மா பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "வீட்டுக்குள்ளயா?"

"வீட்டுக்குள்ளதாங்க. எல்லார் வீட்டுலயும் அப்படித்தான்."

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?"

"காலையில போட்டா உச்சி வரைக்கும் புகைஞ்சுக்கிட்டுக் கெடக்கும். சாயங்காலம் இன்னொருக்கா."

"மொதத் தடவையே கேட்டிருக்காங்களே ஐயா, வெறகு அடுப்பான்னு."

"அடுப்பு கேஸுதாங்க. இது அடுப்பு இல்லைங்களே."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"புகை வெளிய போக வழி இருக்கா?"

"கூரைக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சாண் இருந்துச்சுங்க."

"இருந்துச்சுன்னா?"

"குளிர் வருதுன்னு அடைச்சுட்டேன். மார்கழியில."

சாம்பிராணியை நிறுத்தினது ஞாபகம் வந்தது. சுவாமிக்குக் காட்டுகிற ஒரு கரண்டிப் புகையை நிறுத்திவிட்டு, அதே வீட்டில், அதே கையால், ரெண்டு வேளையும் கூடை விறகு போட்டுப் புகையவிட்டுப் பக்கத்திலேயே படுக்கவும் வைத்திருக்கிறேன். புகை வெளியே போய்விடாமல் மண்ணும் பூசியிருக்கிறேன்.

"இனிமே அந்த வீட்டுக்குள்ள புகை இருந்தா இவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார் டாக்டரம்மா. "அடுத்த தடவை இவ்வளவு தூரம் இறங்கி வர்ற வரைக்கும் மூச்சு தாங்காது. நான் பயமுறுத்தலைங்கய்யா."

வீரம்மாளிடம் சொன்னேன். முதலில் கேட்டுக்கொண்டாள். அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

"என் அம்மாவும்தான் மூட்டம் போட்டா. எண்பது வயசு இருந்தா."

"உனக்கு ஒத்துக்கலையே."

"விதைக்கு என்ன வழி? வாடிப்போனா வைகாசியில எதை நடுவீக? அரை ஏக்கரையும் விட்டுட்டு அடுத்தவன் காட்டுல கொத்தப் போறதா? இருபத்தாறு கட்டு தொங்குது. ஒவ்வொரு பல்லும் நான் பொறுக்கி வச்சது."

"நீ இருந்தாத்தான நடவு."

"பெரிய பேச்சு" என்றாள். அதோடு சரி. ரெண்டு நாள் நான் கொண்டுபோன இட்லியைக் கந்தம்மாளிடம் கொடுத்துவிட்டாள். அந்தம்மா சர்க்கரைக்காரி, அவளும் அதை ஒளித்து ஒளித்துத் தின்றாள். சிஸ்டர் என்னைத்தான் பிடித்துத் திட்டினார்.

கண்மணி கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் பண்ணுகிறாள். சீசன் இல்லாததால் மூணு நாள் லீவு கிடைத்தது. அவள் இறங்கி வந்து அம்மா கூட இருந்தாள். நான் பஸ் ஏறினேன்.

ஊர் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறும்போதே தெரிந்துவிட்டது. என் வீட்டுத் தகரத்தின் ஓரத்தில், கதவிடுக்கில், எங்கெல்லாம் நான் அடைக்க மறந்தேனோ அங்கெல்லாம் நீலமாய்ப் புகை கசிந்துகொண்டிருந்தது. பூட்டின வீடு என்று நினைத்திருந்தேன்.

கதவைத் தள்ளினேன். கண் எரிந்தது, ஒன்றும் தெரியவில்லை. உள்ளே யாரோ இருமினார்கள். வீரம்மாள் இருமல்தான். அவளை ஆஸ்பத்திரியில்தானே விட்டுவந்தேன்.

"யாரு?" என்றேன்.

"நாந்தாண்ணே." அடுத்த வீட்டு முருகம்மாள். திருமலைச்சாமி மச்சானின் பெண்சாதி. முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மிலாற்றை ஊதிக்கொண்டிருந்தாள். "அக்கா எப்படி இருக்கு? வண்டியில ஏறும்போதே சாவியக் கையில குடுத்துச்சு. முருகம்மா, நான் திரும்புறேனோ இல்லையோ, மூட்டத்த விட்றாதன்னு. ஒரு வேளை விடலண்ணே. பாருங்க, ஒரு பல்லு முளை விடல."

அவள் பெருமையோடுதான் சொன்னாள். சொல்லி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது. குனிந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு, இருமி முடித்து நிமிர்ந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இந்த இருமல் எத்தனை நாளா இருக்கு?"

"இதுவா? இது பனிக்கு வர்றது. மாசி போனா போயிரும்."

வாளியில் தண்ணீர் இருந்தது. எடுத்து மூட்டத்தின் மேல் ஊற்றினேன். சுர்ரென்று சத்தம் போட்டுச் சாம்பல் எழும்பி எங்கள் ரெண்டு பேர் மேலும் படிந்தது.

"அண்ணே! என்னண்ணே இது, விதைண்ணே!"

வெளியே வா என்று கூட்டிக்கொண்டுபோய்க் கல்லில் உட்காரவைத்துச் சொன்னேன். டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். நோட்டைச் சொன்னேன். அவள் நம்பின மாதிரியும் இல்லை, நம்பாத மாதிரியும் இல்லை.

"அப்படின்னா ஊருல ஒரு பொம்பளையும் இருக்கக் கூடாதே" என்றாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எங்க மாமியா இப்படித்தான் போச்சு. பாட்டில் பாட்டிலா இருமல் மருந்து வாங்கிக் குடுத்தோம்."

"உன் வீட்டுலயும் தொங்குதா?"

"நாப்பது கட்டு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உங்க மச்சான் கேட்பாராக்கும்? மூட்டத்த நிறுத்துன்னா என்னையத்தான் நிறுத்துவாரு."

திருமலைச்சாமி மச்சான் காட்டிலிருந்து வந்ததும் அவரிடமும் சொன்னேன். அவர் துண்டை உதறிக்கொண்டே கேட்டார். "ஏலே மாப்ள, ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் கெடந்து உனக்கு மூளை கொழம்பிருச்சு. புகை படாத பூண்ட எவன் வெலைக்குக் கேப்பான்? எங்கப்பன் காலத்துல இருந்து..."

"உங்க அம்மா எதுல செத்தாக மச்சான்?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் எழுந்து போய்விட்டார். எனக்கும் அவரைப் போய்ச் சமாதானம் பண்ண உடம்பில் தெம்பு இல்லை.

மறுநாள் வெள்ளனே நானே ஏறிக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒவ்வொரு கட்டிலும் அவள் முடிச்சுப் போட்டிருந்த விதம் தெரிந்தது, ரெண்டு சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு. கையில் ஒட்டின கரி போகவே இல்லை. இருபத்தாறும் வாசலில் கிடந்தன. வீட்டுக்குள் வைத்தால் ஈரத்துக்கு அழுகும். முருகம்மாள் வேலி ஓரம் வந்து நின்று, "எங்க பரண்ல இடம் கெடக்குண்ணே, குடுங்க, நாப்பதோட இருபத்தாறும் சேர்ந்துட்டுப் போகுது" என்றாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. விதை பிழைத்துவிடும். வீரம்மாளும் பேச ஆரம்பித்துவிடுவாள். வேண்டாம் என்று சொன்னேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

காட்டு ஓரத்தில் நாலு கம்பு நட்டு, கிடந்த தகரத்தை மேலே போட்டு, மூணு பக்கம் சாக்கு கட்டி அங்கே தொங்கவிட்டேன். மூட்டமும் அங்கேயே. மலைக்காற்றுக்குப் புகை ஒரு பக்கமாகப் பறந்தது. பூண்டில் பட்டது கால்வாசி இருக்கும். இதில் எத்தனை தேறும் என்று கேட்டால், பாதி தேறினால் அதிசயம். வைகாசியில் அரை ஏக்கரில் பாதிதான் நடவு. மீதி நாள் கூலிக்குத்தான் போகணும். இந்த முதுகை வைத்துக்கொண்டு எத்தனை நாள் போவேன் என்று தெரியவில்லை.

எங்கள் ஊரில் சிக்னல் பள்ளிக்கூடத்து மேட்டில்தான் கிடைக்கும். சாயங்காலம் அங்கே ஏறிக் கண்மணிக்குப் போன் போட்டேன். அம்மாவிடம் கொடுத்தாள்.

"மூட்டம் போட்டீகளா?" அதுதான் முதல் கேள்வி.

"அணைச்சுட்டேன்."

சத்தமே இல்லை.

"விதைய எறக்கிக் காட்டோரம் கட்டியிருக்கேன். வீட்டுக்குள்ள இனிமே கெடையாது. முருகம்மாளும் இருமுறா புள்ள. உன் இருமலேதான்."

அப்புறம் போன் கட்டாகிவிட்டது. அவள் கட் பண்ணினாளோ, சிக்னல் போனதோ தெரியவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. அந்தக் குளிரில் அந்த மேட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே வீடுகளில் சாயங்கால மூட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு தகரத்து மேல் அந்த நீலப் புகை. இத்தனை வருசம் இதைப் பார்த்தால் சோறு வேகிற வாசனை மாதிரி இருக்கும் எனக்கு.

அரை மணி நேரம் கழித்துக் கண்மணியே கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா ஒரே அழுகை. நீங்க பேசினதுல இருந்து நிறுத்தவே இல்ல. விதை போச்சு, விதை போச்சுன்னு நெஞ்சில அடிச்சுக்கிட்டு அழுகுது. வார்டே வேடிக்கை பாக்குது. சிஸ்டர் வந்து அதட்டிட்டுப் போயிட்டாங்க."

"குடு, நான் பேசுறேன்."

"பேச மாட்டேங்குது. உங்க மேல கோவம்." கொஞ்சம் நிறுத்தினாள். கண்மணியும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஆனா அப்பா, அரை மணி நேரமா அழுகுது. ஒரு தடவைகூட இருமல் வரல."

"மூக்குல குழாய் இருக்கா?"

"காலையிலேயே எடுத்துட்டாங்க."

"சரி, அழுகட்டும்" என்றேன். "நிறுத்தச் சொல்லாத."

போனைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். இருட்டுகிறதுக்குள் ஏணியைச் சாத்தி, கூரைச் சந்தில் நான் பூசின மண்ணைத் தட்டி எடுக்கணும். காய்ந்து கல்லாகக் கிடக்கும். மண்வெட்டியை முருகம்மாள் வீட்டில்தான் கேட்கணும்.